எரியாத பிரிமணை

என் வீட்டுக்காரரை எங்கள் தெருவில் பாய்லர் மேஸ்திரி என்பார்கள். உண்மையில் அவர் பாய்லர் ஓட்டியவர் இல்லை. பாய்லருக்கும் அதிலிருந்து போகிற ஆவிக் குழாய்களுக்கும் சட்டை போடுகிறவர். ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று எந்தத் தோல் கம்பெனியில் பாய்லரை ஆறப் போட்டாலும், கான்ட்ராக்டர் வண்டி மாதனூர் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊருக்கு வந்து அவரை ஏற்றிக்கொண்டு போகும். முதலில் பழைய சட்டையைச் சுத்தியால் தட்டி உதிர்ப்பார்கள். பிறகு புது வெள்ளைக் கயிற்றைக் குழாயில் நெருக்கிச் சுற்றி, அதன்மேல் வெள்ளை மாவைத் தண்ணீர் விட்டுக் கையாலேயே பிசைந்து பூசுவார்கள். அது காய்ந்துவிட்டால் குழாயின் சூடு வெளியே வராது. பக்கத்தில் நின்று தோலை அலசுகிறவன் கை வேகாது.

"நான் பூசுன கொழா மேல கன்னத்த வெச்சித் தூங்கலாம்" என்பார். பெருமை பேசுகிற மனுஷர் இல்லை அவர். அந்த ஒன்றை மட்டும் சொல்வார். எங்கள் குடும்பத்தில் பெருமை பேசுவது என் வேலை.

அந்தக் கயிற்றுக்குக் கல்நார்க் கயிறு என்று பெயர் என்பது எனக்கு இப்போதுதான் தெரியும். அன்றைக்கு நாங்கள் ஆஸ்பெட்டாஸ் கயிறு என்போம். அதில் துண்டு துணுக்கு மிஞ்சும். கம்பெனிக்கு அது குப்பை. இவர் அதைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து, கட்டைவிரலில் ஒரு முனையைக் கட்டிக்கொண்டு பிரிமணை முறுக்குவார். சோற்றுப் பானையை அடுப்பிலிருந்து இறக்கினால் வைப்பதற்கு எல்லா வீட்டிலும் பிரிமணை வேண்டும். வைக்கோலில் முறுக்கினது பானைச் சூட்டில் கருகிக் கருகி ஒரு மழைக்காலத்துக்கு மேல் தாங்காது. இவர் முறுக்கினது கருகாது. கொதிக்கிற பானையை அப்படியே தூக்கி வைத்தாலும் ஒரு புகை வராது. எங்களுக்கு ஒன்று, பக்கத்து வீட்டில் இருக்கிற என் மூத்த ஓரகத்திக்கு ஒன்று, பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் ஒன்று என்று தெரு முழுக்கக் கொடுத்தார்.

போகி வந்தால் எங்கள் வீட்டுப் பிரிமணைக்குத்தான் மவுசு. தெருமுனையில் பழைய பாய், துடைப்பம், கிழிந்த கூடை எல்லாவற்றையும் போட்டுக் கொளுத்துவோம். கஞ்சி வழிந்து, கரி அப்பி, வருஷம் முழுக்க அழுக்கேறிய பிரிமணையை நானும் கொண்டுபோய் அந்த நெருப்பில் போடுவேன். மற்றதெல்லாம் சாம்பலான பிறகு இவர் ஒரு கம்பியால் அதை இழுத்து வெளியே எடுப்பார். வெள்ளை வெளேரென்று வரும். ஆறினதும் துவைக்கிற கல்லில் அடித்து உதறினால் நேற்று முறுக்கினது மாதிரி இருக்கும். அதைப் பார்க்கவே தெருப் பிள்ளைகள் சுற்றி நிற்கும்.

"இன்னாமே, உன் ஊட்டு பிரிமணைக்கு மட்டும் சாவே கெடையாதா?" என்று என் ஓரகத்தி கேட்பாள். அவளும் தன்னுடையதை அதே நெருப்பில் போட்டு அதே மாதிரி எடுத்துக்கொண்டு போகிறவள்தான். ஆனாலும் கேட்பாள்.

அவர் வேலையிலிருந்து வந்தால் மாவு மில்லிலிருந்து வந்தவர் மாதிரி இருப்பார். புருவம்கூட வெள்ளையாக இருக்கும். வாசலில் நின்று சட்டையைக் கழற்றுவார்; நான் அதை வாங்கிச் சுவரில் அடித்து உதறிவிட்டுத்தான் தண்ணீரில் போடுவேன். உதறாமல் போட்டால் மாவு ஊறிக் கட்டியாகிவிடும். என் மகள் குழந்தையாக இருந்தபோது, அப்பா குளிக்கிறவரை பொறுக்காது. ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும். அதன் தலையிலும் மாவு ஒட்டும். ஊதிவிடுவார்.

மூச்சு வாங்கியது முதலில் ஏணியில். மேலே ஏறினால் இறங்குகிறவரை பேச்சு வராது என்றார். பிறகு பஸ் நிற்கிற இடத்திலிருந்து வீடுவரை நடப்பதற்குள் இரண்டு இடத்தில் நின்றார். சளி இல்லாத இருமல். படுத்தால் முடியாது, முட்டியில் கையை ஊன்றி உட்கார்ந்தேதான் தூங்குவார். விரல் நுனியெல்லாம் உருண்டு தவளை விரல் மாதிரி ஆனது. ஆஸ்பத்திரியில் டிபி என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள். தின்று முடித்தார். குறையவில்லை. மறுபடி முதலிலிருந்து கொடுத்தார்கள். அதையும் ஒரு வேளை விடாமல் தின்றார்.

டிபி என்ற சொல் தெருவில் என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. என் ஓரகத்தி தன் வீட்டுக்கு இவர் போனால் நசுங்கிப்போன ஒரு டம்ளரில் தனியாகத் தண்ணீர் கொடுத்தாள். கூடப்பிறந்த அண்ணன் வீடு அது. அந்த டம்ளரையும் கழுவி வெளிச் சுவரின் மேல் கவிழ்த்து வைப்பாள். தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் அது தெரியும். என் வீட்டுக்கு வந்தால் வாசலோடு நிற்பாள். தண்ணீர் கொடுத்தால் இப்போதுதான் குடித்தேன் என்பாள். அவர் கண்ணை மூடின பிறகு, அவர் தொட்டதெல்லாம், அவர் கொடுத்ததெல்லாம் எரித்துவிட்டேன் என்று குழாயடியில் சொன்னாள். பீடி பிடித்தான், நெஞ்சு புண்ணாகிப் போய்ச்சேர்ந்தான் என்றும் ஒரு பேச்சு கிளம்பியது. என் வீட்டுக்காரர் பீடியைத் தொட்டது கிடையாது. இதை நான் யாரிடம் போய்ச் சொல்வது? நான் அப்படியொன்றும் சண்டைக்காரி இல்லை. அவள் வீட்டுத் தண்ணீரை நானும் குடிப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். அவ்வளவுதான். ஒரே சுவரின் இரண்டு பக்கமும் இருந்துகொண்டு இத்தனை காலம் அப்படியே போய்விட்டது.

என் மகள் இப்போது ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். மருமகன் பெங்களூரில், பண்டிகைக்கு வருவார். கம்பெனி பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வருகிற பெண் ஒருத்தி, தன் அப்பாவுக்கு நுரையீரலில் கல்நார்த் தூசி தங்கிவிட்டது என்று பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறாள். அவர் ஜோலார்பேட்டையில் ரயில் இன்ஜின் ஷெட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பழைய கரி இன்ஜின்களின் பாய்லருக்குச் சட்டை போட்டவர். ஏணியில் மூச்சு வாங்குவது, விரல் நுனி உருள்வது, உட்கார்ந்தே தூங்குவது என்று அவள் சொல்லச் சொல்ல, என் மகள் இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் அடுத்த ஊர்வரை போய்விட்டாள்.

அந்த ஜோலார்பேட்டைக்காரர்தான் சங்கம் வைத்திருக்கிறார். சங்கம் என்றால் பெரிய கட்டடம் இல்லை. இந்த மாதிரி வேலை செய்து நெஞ்சு கெட்டவர்கள், செத்தவர்களின் குடும்பத்தார் எல்லாரும் வருஷத்துக்கு ஒரு தடவை கூடி, போனவர்களின் படத்தை வரிசையாக மாட்டி விளக்கு வைப்பார்கள். பிறகு கலெக்டருக்கு மனு எழுதுவார்கள். அந்த வேலை செய்தவர்களுக்கும், அவர்கள் துணியைத் துவைத்தவர்களுக்கும் வருஷா வருஷம் நெஞ்சைப் படம் பிடித்துப் பார்க்க வேண்டும் என்பது மனு.

அவர் ஒரு நாள் எங்கள் வீட்டுக்கே வந்தார். என்னைவிடச் சின்னவர். வாசற்படி ஏறிவிட்டு வெகுநேரம் பேசவில்லை. நான் மோர் கொண்டுவந்து வைக்கிறவரை மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரரே வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது எனக்கு. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

விஷயம் இதுதான். அந்த வரிசையில் யார் படத்தை வேண்டுமானாலும் மாட்டிவிட முடியாது. டாக்டர் சொல்லியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கூட வேலை செய்தவர் யாராவது எழுந்து நின்று, ஆமாம், இவர் இந்தக் கயிற்றைத்தான் சுற்றினார், இந்த மாவைத்தான் பூசினார் என்று சபையில் சொல்ல வேண்டும். அப்படி ஒரு கட்டு வைக்காவிட்டால் நாளைக்குக் கலெக்டர் ஆபீசில் நம்ப மாட்டார்கள் என்றார். என் வீட்டுக்காரருக்கு டாக்டர் சொன்னது டிபி. கூட வேலை செய்த ஆட்களில் ஒருவரும் இன்றைக்கு உயிரோடு இல்லை. அவர்களெல்லாம் எதில் போனார்கள் என்று அப்போது யாரும் கேட்டதும் இல்லை.

"நீங்க வந்து பேசுங்கக்கா. சபை கேக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். போகிறபோது சொன்னது: "அவர் ஃபோட்டோ ஒண்ணு எடுத்துக்கினு வாங்க."

அந்தப் படம் அங்கே ஏற வேண்டும் என்று ஒரு வெறி வந்துவிட்டது. ஏறினால் அவர் வேலை செய்து செத்தவர். ஏறாவிட்டால் நசுங்கின டம்ளர்க்காரர். என் மகளுக்கும் ஆசைதான். ஆனால் தலையை வாரும்போது கண்ணாடியில் தன் நெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதைப் பார்த்ததும், ஏறக்கூடாது, அந்தப் படம் அங்கே ஏறவே கூடாது என்று தோன்றியது. ஏறினால் அந்தத் தூசி உண்மையாகிவிடும். உண்மையானால் அவர் காலைக் கட்டிக்கொண்ட பிள்ளைக்கு என்ன கதி? ஒரு மனசு இப்படி, ஒரு மனசு அப்படி. அடுப்பில் உலை வைத்துவிட்டு அரிசி போட மறந்து நிற்பேன்.

கூட்டம் ஆம்பூரில், ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில். மகள் கம்பெனியில் பாதி நாள் வேலை செய்துவிட்டு நேராக அங்கே வருகிறேன் என்று காலையிலேயே போய்விட்டாள். நான் படத்தைத் துடைத்து வைத்தேன். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

எங்களில் போனவருக்குப் படைக்கிறபோது வெறும் படத்தை வைக்க மாட்டோம். அவர் கைபட்ட சாமான் ஒன்று பக்கத்தில் இருக்க வேண்டும். ஏர் பிடித்தவருக்குக் கொழு வைப்போம், தச்சு வேலை செய்தவருக்கு உளி வைப்போம். இல்லாவிட்டால் வந்தவர் யார் வீட்டுக்கு வந்தோம் என்று தெரியாமல் நிற்பாராம். அதையும் அழுக்காக வைக்கக் கூடாது. இவருடைய சுத்தி, கரண்டி எல்லாம் கான்ட்ராக்டருடையது. அவர் கைபட்டு என்னிடம் இருப்பது அந்தப் பிரிமணை ஒன்றுதான். காஸ் அடுப்பு வந்த பிறகும், குக்கர் வந்த பிறகும் நான் அதை விடவில்லை. குழம்புச் சட்டியை அதன்மேல்தான் இறக்குவேன்.

பின்பக்கம் தென்னம்பாளையைப் போட்டுக் கொளுத்தி, அதைப் போட்டேன். நெருப்பு அடங்கினதும் எடுத்தேன். போகியில் வந்த மாதிரியே வெள்ளையாக வந்தது. கல்லில் நன்றாக அடித்தேன். புதுத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கல்யாணத்துக்குச் சீர் கொண்டுபோகிறவள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

மண்டபத்தில் நாற்பது ஐம்பது பேர் இருப்பார்கள். பெண்கள்தான் ஜாஸ்தி. சுவரில் ஒரு கயிறு கட்டிப் படங்களை மாட்டியிருந்தார்கள். கீழே நீள மேசை. கிறிஸ்தவர்கள் மெழுகுவத்தி வைத்தார்கள், நாங்கள் அகல் வைத்தோம். ஒவ்வொருவராக எழுந்து போய், யார், எங்கே, என்ன வேலை என்று சொல்லிவிட்டு வந்தார்கள். ஒரு அம்மா பேச ஆரம்பித்து, புருஷன் பெயரோடு நிறுத்திக்கொண்டார். யாரும் அவசரப்படுத்தவில்லை.

என் முறை வந்தது. எனக்கு மேடைப் பேச்செல்லாம் தெரியாது.

"என் ஊட்டுக்காரரு பீடி குடிச்சவரு இல்ல" என்று ஆரம்பித்தேன். "கொழாவுக்கு ஆஸ்பெட்டாஸ் கயிறு சுத்துனவரு. மாவு பெசஞ்சி பூசுனவரு. கூட வேல செஞ்சவங்க யாரும் இல்ல. நான்தான் கீறேன். அவரு துணிய நான்தான் ஒதறித் தொவச்சேன். எனக்குத் தெரியும்."

படத்தை மேசையில் சாய்த்து வைத்தேன். துண்டைப் பிரித்துப் பிரிமணையை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். துண்டை ஒரு உதறு உதறினேன். ஜன்னல் வெயிலில் பொடிப்பொடியாக வெள்ளையாகப் பறந்தது.

ஜோலார்பேட்டைக்காரர் எழுந்து நின்றுவிட்டார். அவ்வளவு வேகமாக அவரால் எழ முடியும் என்று நான் நினைக்கவில்லை.

"அக்கா, ஒதறாதீங்க. துண்ட அப்டியே கீழ போடுங்க. எல்லாரும் கொஞ்சம் வெளிய போய் காத்தாட நில்லுங்க. ஓட வேணாம், மெதுவா போங்க."

நாற்காலிகள் நகர்கிற சத்தம் கேட்டது. என் மகள் அப்போதுதான் வாசலில் வந்து நிற்கிறாள். அவளையும் உள்ளே விடவில்லை. அவர் தன் வேட்டி முனையை மூக்கில் கட்டிக்கொண்டு, மேசையிலிருந்த தண்ணீர்ச் செம்பை எடுத்துப் பிரிமணையின் மேல் சொட்டச் சொட்ட ஊற்றினார். துண்டின் மேலும் ஊற்றினார். பிறகு ஈரத்தோடு இரண்டையும் பிளாஸ்டிக் பையில் போட்டு, அந்தப் பையை இன்னொரு பையில் போட்டுக் கட்டினார். என் வீட்டுக்காரர் படத்துக்கு முன்னால், நான் ஏற்றின விளக்குக்கு முன்னால், என் வீட்டுக்காரர் கைபட்ட சாமானின் மேல் தண்ணீரை ஊற்றிவிட்டார். யாரும் என்னை அப்படி அவமானப்படுத்தினது இல்லை. என் ஓரகத்திகூட.

வெளியே சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் என்னைப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். ஜன்னலையெல்லாம் திறந்து விட்டு, மேசையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு அவரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அத இன்னாத்துக்கு வெச்சிருந்தீங்க?" என்று கேட்டார்.

"சோத்துப் பானைக்கு."

"எப்பலேர்ந்து?"

"இந்தப் பொண்ணு பொறக்கறதுக்கு முன்னாலேர்ந்து."

அவர் என் மகளைப் பார்த்தார். போகி கதையையும் நான் சொன்னேன். எரியவே எரியாது, நெருப்பில் போட்டால் அழுக்கு போய்விடும் என்று சொல்லும்போது எனக்கே குரல் கம்மியாகிக்கொண்டு வந்தது.

"எரியாது, மக்காது, உள்ள போனா கரையாது" என்றார் அவர். "அதான்க்கா அதோட நல்ல கொணம். அதான் கெட்ட கொணமும். கண்ணுக்குத் தெரியாத முள்ளு மாரி நெஞ்சுல போய் குந்திக்கும்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு சிரிப்பா இருமலா என்று தெரியாத ஒன்று அவரிடமிருந்து வந்தது. "சாட்சி யாரனா கீறாங்களான்னு கேட்டன். நீங்க சாட்சியவே மடியில வெச்சி எடுத்தாந்துட்டீங்க. அந்தக் கயித்த நான் தூக்கத்துல தொட்டாக்கூடத் தெரியும்."

நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். "அப்ப அவருக்கு டிபி இல்லியா?"

அவர் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நான் அன்றைக்கே ஊருக்குப் போய்க் குழாயடியில் நின்றிருப்பேன்.

"டிபியும் இருந்திருக்கலாம்க்கா. ரெண்டும் ஒண்ணா இருந்திருக்கலாம். இப்ப யாரால சொல்ல முடியும்?"

எல்லாரும் உள்ளே போனோம். அவர் சபையிடம், இந்த அம்மா சொன்னதற்கு நானே சாட்சி என்று சொல்லிவிட்டு, படத்தைத் தானே எடுத்துக் கயிற்றில் மாட்டினார். நான் அதைத்தான் கேட்டு வந்தேன். கிடைத்துவிட்டது. ஆனால் நான் என் வீட்டுக்காரர் படத்தைப் பார்க்கவில்லை. பக்கத்தில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஒரு பொம்பளை படம். மூக்குத்தி போட்டு, என் வயசுக்காரி மாதிரி இருந்தாள். எந்த ஷெட்டில் வேலை என்று கேட்டேன். அவள் எங்கேயும் வேலைக்குப் போனதில்லை, புருஷனின் உடுப்பைத் துவைத்தவள் என்றார்கள்.

பிறகு ஒரு நாள் சங்கத்திலிருந்தே எங்களை நெஞ்சுப் படம் எடுக்க அழைத்துப் போனார்கள். மகளின் படத்தில் ஒன்றும் தெரியவில்லை, இருந்தாலும் வருஷா வருஷம் வர வேண்டும் என்றார் டாக்டர். தெரியவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமா என்று கேட்டேன். இன்றைக்குத் தெரியவில்லை என்று அர்த்தம் என்றார். எனக்கு வலது பக்கம் சுண்ணாம்புக் கோடு இழுத்த மாதிரி ஏதோ இருக்கிறதாம். அது வியாதி இல்லை, அந்தத் தூசி உள்ளே போனதன் அடையாளம் என்றார். அடையாளம் என்றால் சந்தோஷப்பட வேண்டுமா, பயப்பட வேண்டுமா என்று எனக்கு விளங்கவில்லை. எனக்கு மூச்சு நன்றாகத்தான் இருக்கிறது. மாடிப்படி ஏறினால் வாங்குகிறது. என் வயசுக்கு யாருக்குத்தான் வாங்காது?

வீட்டில் அடுப்படி முழுக்க ஈரத்துணியால் துடைத்தோம். பெருக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். துவைக்கிற கல்லைத் தேய்த்துக் கழுவினோம். துடைக்கத் துடைக்க எனக்குக் குழப்பம்தான் கூடியது. அடுப்படியிலேயே சுத்தமான சாமான் எது என்று என்னைக் கேட்டால் அந்தப் பிரிமணையைத்தான் காட்டியிருப்பேன். நெருப்பில் குளித்து வந்த சாமானில் என்ன அழுக்கு இருக்கும்? அதைப் போய் விஷம் என்றால் எதை நம்புவது?

ஜோலார்பேட்டைக்காரர் போனில் மகளிடம் சொன்னார். அந்தத் தெருவில் வேறு யார் வீட்டிலாவது அது இருந்தால் தூக்கி எறிய விடாதீர்கள், கொளுத்தவும் விடாதீர்கள், நனைத்துப் பையில் கட்டி வையுங்கள், நாங்கள் வந்து வாங்கிக்கொள்கிறோம் என்று. நான் ஒவ்வொரு வீடாகப் போனேன். பாதிப் பேருக்கு அது நினைவே இல்லை. வீட்டை இடித்துக் கட்டினபோது போய்விட்டது, எங்கே போனதோ என்றார்கள். ஒரு வீட்டில் பரண்மேல் ஒன்று கிடைத்தது; அதை நனைத்துப் பையில் கட்டி எடுத்துக்கொண்டேன். என் ஓரகத்தி வீட்டை மட்டும் விட்டுவிட்டேன். அவள்தான் எல்லாவற்றையும் எரித்துவிட்டேன் என்று அன்றைக்கே சொன்னவளாயிற்றே.

வீட்டுக்கு வந்து கால் கழுவும்போதுதான் பொறி தட்டியது. எரித்துவிட்டேன் என்றாளே. அது எரியுமா?

அவள் வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டேன். அவளுக்கும் இப்போது வயசாகிவிட்டது, அவள் வீட்டுக்காரரும் இல்லை. மகன் வீடு கட்டியும், பின்பக்கக் கொட்டகையில் விறகடுப்பில்தான் தனக்குத் தனியாகச் சோறு பொங்குவாள். குக்கர் சோறு அவளுக்கு ஆகாது.

"யக்கா, அவரு குடுத்த பிரிமணை உன்கிட்ட கீதா?"

"இன்னா பிரிமணை? அதெல்லாம் அப்பவே எரிச்சிட்டேன்."

நான் அங்கிருந்து நகரவில்லை. நின்றுகொண்டே இருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கொட்டகைக்குள் போனாள். சோற்றுப் பானையைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டு, அதன் அடியிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தாள். கன்னங்கரேலென்று இருந்தது. ஆனால் முறுக்கு ஒரு இடத்தில்கூடத் தளரவில்லை.

"எரிச்சிட்டன்னு சொன்னியேக்கா."

"போட்டன்மே. எரியல. நான் இன்னா பண்றது?" என்றாள். அதை என்னிடம் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "வெள்ளையா வெளிய வந்துச்சி. தூக்கிப் போட மனசு வரல" என்றாள்.

அவர் வாய் வைத்த டம்ளரைச் சுவர்மேல் கவிழ்த்தவள், அவர் முறுக்கின கயிற்றின்மேல் சோற்றை வைத்து இத்தனை வருஷம் தின்றிருக்கிறாள். எனக்கு அப்போது கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்பும் வரப் பார்த்தது. இரண்டில் எது முதலில் வரும் என்று நானே காத்திருந்த மாதிரி நின்றேன். இரண்டும் வரவில்லை.

பிறகு நான் எல்லாவற்றையும் சொன்னேன். தூசி, ஜோலார்பேட்டைக்காரர், படம் மாட்டினது, என் நெஞ்சிலிருக்கிற கோடு, அவளும் போய் நெஞ்சுப் படம் எடுத்துக்கொள்ள வேண்டியது, எல்லாம். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். அது அவள் வழக்கமே இல்லை. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்ப என் கொழுந்தனாருக்கு டிபி இல்லியா?"

இந்தக் கேள்விக்காகத்தான் நான் இத்தனை காலம் காத்திருந்தேன். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் நம்பியிருப்பாள். சுவர்மேல் கவிழ்த்த டம்ளருக்கு அது சரியாக இருந்திருக்கும். வாய்வரை வந்தது.

"தெரியலக்கா" என்றேன். "ரெண்டும் இருந்திருக்கலாமாம்."

அவள் தலையாட்டினாள். ஒரு வாளியில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி நான் அதை நனைத்தேன். பையில் போட்டுக் கட்டினோம். பையை நானே எடுத்துக்கொண்டு போகிறேன் என்றேன். கேட்கவில்லை. அவளே தூக்கிக்கொண்டு என் பின்னால் வந்தாள். என் வீட்டு வாசலில் எப்போதும் நிற்கிற இடத்தில் நிற்பாள் என்று பார்த்தேன். நேரே உள்ளே வந்து, பரணில் கிடைத்ததைக் கட்டின பையோடு அதையும் மூலையில் வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். மேல்மூச்சு வாங்கியது அவளுக்கு.

"தொண்ட காயுது. தண்ணி குடு" என்றாள்.

நான் அடுப்படியில் போய் நின்றேன். இந்த வீட்டில் பயப்பட ஒன்றும் இல்லை என்று நான் சத்தியம் செய்யத் தயாராக இருந்த காலத்தில் அவள் ஒரு வாய் குடிக்கவில்லை. இன்றைக்கு இந்தத் தரையில், இந்த அலமாரியில் எங்கே எந்த முள் உட்கார்ந்திருக்கிறது என்று எனக்கே தெரியாது, இன்றைக்குக் கேட்கிறாள். கொடுப்பதா வேண்டாமா? டம்ளரைக் கழுவினேன். மறுபடியும் கழுவினேன். தண்ணீர்ப் பானையைத் திறந்து பார்த்தேன். பிறகு மொண்டு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அண்ணாந்து குடிப்பாள் என்று நினைத்தேன். வாய் வைத்தே குடித்தாள். முழுக்கக் குடித்துவிட்டு டம்ளரைத் தரையில் வைத்தாள். மூலையிலிருந்த பையைப் பார்த்தாள். கொட்டகையில் வெறுந்தரையில் இறக்கிவிட்டு வந்த பானை அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"இனிமே சோத்துப் பானைய எது மேலமே எறக்கறது?" என்று கேட்டாள்.

அதைத்தான் யோசித்துக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம்.